கூலி, கண்டக்டர், பூட்டிக் கீப்பர்



தரம் 9 பிள்ளைகளுக்குக் குடும்ப வரலாறு எழுதும் ஒப்படை கொடுத்திருந்தேன். வீட்டில் பழைய பிறப்புப் பத்திரம் இருந்தால் கொப்பி எடுத்து வரச் சொன்னேன்.

ஒரு பையன் தன் பூட்டனார் பஸ் கண்டக்டர் என்று எழுதியிருந்தான். பத்திரத்தில் ‘கண்டக்டர்’ என்றுதான் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் அது தோட்டத்துப் பதிவு. அவர் டிக்கெட் கிழித்தவர் இல்லை. மலையில் வேலை பார்த்த கண்டாக்கையா, இன்றைய வெளிக்கள உத்தியோகத்தர் என்றேன். அன்று முழுக்க அவன் நடையே வேறு!

இன்னொரு பிள்ளை இடைவேளையில் தனியாக வந்தாள். தாளை மடித்தே நீட்டினாள்.

“டீச்சர், இத வகுப்புல வாசிக்க வேணாம்.”

அவளுடைய பாட்டியின் பிறப்புப் பதிவு. தகப்பனின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் காசு. அந்தத் தாளில் அது ஆளின் பெயராகிவிட்டது. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் துரைதான் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். கவ்வாத்து வெட்டியவருக்கும் கான் வெட்டியவருக்கும் அங்கிருந்து போனது அந்த ஒரே சொல்தான். தாயின் தொழிலை எழுத அந்தப் பத்திரத்தில் இடமே இல்லை. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

“சொல்லு வெக்கமா இருந்தா பாட்டியம்மா இத ஏன் இவ்வளவு காலம் பத்திரமா வெச்சிருந்தாங்க, கேட்டுப் பாரு” என்று அனுப்பினேன்.

காரணம் எனக்கு ஓரளவு தெரியும். 1948 சட்டத்தில் குடியுரிமை போன பிறகு, 1949 இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தில் விண்ணப்பிக்க, 1946க்கு முன் தொடர்ச்சியாக இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். மணமானவர் 7 வருடம், மற்றவர் 10 வருடம். இப்படிப்பட்ட தாள்களைத்தான் பிஸ்கட் டின்னில் போட்டுக் காத்தார்கள். அந்தச் சொல் இருந்தாலும் அது ஆதாரம்.

இனி என் கதை. எங்கள் மூத்தாப்பாவின் பதிவில் அவருடைய வாப்பாவின் தொழில் ‘பூட்டிக் கீப்பர்’. என் மகள் பார்த்துவிட்டு, “அப்போ நம்மளுக்கு உடுப்புக் கடை இருந்திச்சா உம்மா?” என்றாள். அந்தக் காலத்து இலங்கை ஆங்கிலத்தில் பூட்டிக் என்றால் சின்னக் கடை, அவ்வளவுதான். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், புகையிலை. ரயில் நாவலப்பிட்டிக்கு 1874இலும் ஹட்டனுக்கு 1884இலும் வருவதற்கு முன், நம்மவர் பலர் தவளம் ஓட்டி மாட்டு முதுகில் சாமான் ஏற்றி இந்த மலைக்கு வந்தவர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

வாப்பும்மாவின் பெட்டியில் அந்தக் கடையின் கடன் கொப்பி ஒன்று மிஞ்சியிருக்கிறது. சில பக்கம் அறபுத்தமிழ். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடிந்தது. அதில் யாருக்கும் ‘கூலி’ என்று போடவில்லை. ‘மேல் லயம் கவ்வாத்து’, ‘தபால்காரர்’, ‘பங்களா அப்பு’, ‘சில்லறைக் கங்காணி’. அப்பு என்றால் துரை பங்களாவின் சமையல்காரர். சில்லறைக் கங்காணி சின்னக் கூட்டத்துக்குத் தலைவர்; ஆள் கட்டிக் கொண்டுவந்து தலைக்காசு வாங்கிய பெரிய கங்காணியோடு அவரைப் போட்டுக் குழப்பக்கூடாது. (கல்யாணப் பேச்சில் எல்லாச் சில்லறையும் பெரியதாகிவிடும், அது வேறு விஷயம்.)

பெருமையாகத்தான் புரட்டினேன். பிறகு வலது பக்கத்துத் தொகைகளைப் பார்த்தேன். மாதாமாதம் ஏறிக்கொண்டே போகின்றன. சில பெயர்களுக்கு நேரே கடைசிவரை ‘தீர்ந்தது’ என்று இல்லை. எங்கள் மூத்தாப்பா ஆட்களைத் தொழிலோடு தெரிந்து வைத்திருந்தார் என்றால், கடன் வசூலிக்கவும் அது தேவைப்பட்டது.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை ஒப்படையைத் தந்தாள். பத்திரத்தின் கொப்பியை மடிக்காமலே ஒட்டியிருந்தாள். பூட்டன் பெயருக்குக் கீழே, “கவ்வாத்து. இடது கையால் வெட்டுவார்” என்று இருந்தது. பூட்டி பெயருக்குக் கீழே, “கொழுந்து. பிறகு பிள்ளை மடுவம்.”

“பாட்டி ராத்திரி பத்து மணி வரைக்கும் சொன்னாங்க டீச்சர்” என்றாள்.

உங்கள் வீட்டிலோ கடையிலோ பழைய கடன் கொப்பி இருந்தால் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.