இரு சூரியோதயங்களின் தூரம்

அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரையும் காலிக்கு அணித்தாயுள்ள கொக்கலை வாவியையும் வரைபடத்தில் ஒரு நூலால் இணைத்துப் பார்ப்பவர், கொக்கோஸ் தீவுகளாகிய சில புள்ளிகளைத் தவிர, இடையில் நிலமெதனையும் காணார். ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர் தூரம் இந்து சமுத்திரமே விரிந்து கிடக்கின்றது.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமானதும் அவுஸ்திரேலியாவைப் பிரித்தானியாவுடன் இணைத்த வான்வழி அறுந்துபோயிற்று. அறுந்த இழையை மீண்டும் முடிய, 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் குவாண்டஸ் நிறுவனத்தின் கற்றலீனா நீர்விமானங்கள் இவ்விரு நீர்த்துறைகளுக்கும் இடையே பறக்கத் தொடங்கின. அவற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவினதே. தூரத்தை வேகத்தால் வகுத்தால் 28 மணித்தியாலம் விடையாக வரும். ஆனால் வானம் வகுத்தற் கணக்குக்குக் கட்டுப்படுவதன்று. காற்றின் போக்குக்கேற்பப் பயணம் 27 மணித்தியாலத்தில் முடிவதும் உண்டு. 33 மணித்தியாலம் வரை நீள்வதும் உண்டு. விமானத்தில் இருந்தோர் ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டனர். 'இரட்டைச் சூரியோதயம்' என்னும் பெயர் இவ்வாறே வந்தது.

எரிபொருளின் பாரமோ பெரிது. ஆகவே ஏற்றப்பட்ட பயணிகள் மூவர் மட்டுமே. அவர்களுடன் தபால் 69 கிலோகிராம். புறப்பட்ட முதற் சில மணித்தியாலங்களில் ஓர் இயந்திரம் பழுதுபட்டால், எஞ்சிய ஒன்றால் அச்சுமையைத் தாங்குதல் அரிது. பகைவர் செவிக்கு எட்டாதிருக்க வானொலியும் மௌனம் காத்தது. இருளில் வழிகாட்டியவை விண்மீன்களே. ஐந்து விமானங்களும் விண்மீன்களின் பெயர்களையே தாங்கியிருந்தன. அவற்றுள் ஸ்பைக்கா தமிழ்ப் பஞ்சாங்கத்தின் சித்திரை; அன்ராறெஸ் கேட்டை; அல்ரெயர் திருவோணம். நாள் பார்த்துப் பயணம் புறப்படுவோர் இச்செய்தியை அறியின் மகிழ்வர்!

1945 யூலை வரை 271 தடவைகள் சமுத்திரம் கடக்கப்பட்டது. ஒரு விமானந்தானும் இழக்கப்படவில்லை. போர் முடிந்தபின் அவை கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

2018 மார்ச்சில் அதே நிறுவனம் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாச் சேவையை ஆரம்பித்தது. ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர் தூரத்துக்கு 17 மணித்தியாலமளவே செல்கின்றது. இக்காலத்து விமானமொன்று பேர்த்திலிருந்து கொக்கலைக் கரையை ஏழு மணித்தியாலமளவில் எட்டிவிடும். பயணி ஒருவேளை உண்டு, சற்று உறங்கி எழுவதற்குள் சமுத்திரம் முடிந்துவிடும். அவனுக்குத் தூரம் என்பது கடிகார முட்களைத் திருத்தும் சிறு தொல்லை மாத்திரமே.

விமானப் பயண வரலாறுகள் வலவரின் துணிவை விரிவாகப் பேசுகின்றன, அது தகும். எனினும் கொக்கலை ஒரு கிராமமாகவும் இருந்தது. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. போர்க்காலத்தில் விமானத்தளத்துக்கென அவ்வூர் கையகப்படுத்தப்பட்டபோது மக்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. மூட்டைமுடிச்சுகளுடன் அவர்கள் நடந்த தூரம் எந்த வான்வழி அட்டவணையிலும் இடம்பெறவில்லை.