பிதுக்க ஆள் வேண்டும்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது பிதுக்குப் பருப்புக் குழம்பு. ஆனால் அது ஒற்றை ஆளால் ஆகிற சமையல் இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் ஓசூர்ப் பக்கத்துச் சந்தைகளில் அவரைக்காய் குவிந்துவிடும். காயை உரித்து, கொட்டையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாக விரலால் அழுத்தித் தோலைக் கழற்ற வேண்டும். குடும்பம் முழுக்கச் சாப்பிட ஒரு படி பருப்பாவது தேறணும். தனியாக உட்கார்ந்தால் குழம்பு கொதிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. அணையில் தண்ணீர் 44.28 அடி முழுசாக நின்றாலும் எங்கள் நிலத்துக்கு ஒரு சொட்டு ஏறாது. மழையை நம்பித்தான் ராகி விதைப்போம். சில சால் ராகிக்கு ஒரு சால் அவரை. நாட்டு அவரை அவசரப்படாது. பகல் குறுகினால்தான் பூக்கும். ராகி அறுத்து முடித்த பிறகு காட்டில் அவரையின் ராஜ்ஜியம்தான். பனி குடித்த காயின் தோலில் ஒரு பிசுபிசுப்பும் ஒரு வாசமும் இருக்கும். உரித்த விரலைச் சோப்பு போட்டுக் கழுவினாலும் போகாது. கால்வாய்த் தண்ணீர் நமக்கு இல்லையே என்று அப்பாவைப் பெற்ற அவ்வா ரொம்ப நாள் அங்கலாய்த்தார். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும் தென்பெண்ணை, அணைக்குக் கீழே வெள்ளை நுரையாகப் பொங்க ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பாகம் பிரித்தபோது ஒரு வரப்பு யாருக்கு என்பதில் தொடங்கியது. வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. திண்ணை மட்டும் பொதுவாக நின்றது. அந்தத் திண்ணையில்தான் ஊறிய கொட்டையை அகலமான அலுமினியச் சட்டியோடு கொண்டுவந்து வைப்பார் அவ்வா. "பேசாட்டிப் போங்கடா. கை சும்மாதானே இருக்கு?" என்பார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள்.

கொட்டையின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் பச்சைப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் தெறித்து ஓடும். அப்பா எப்போதும் கூடுதலாகத்தான் அழுத்துவார். தெறித்த பருப்பு பெரியப்பாவின் மடியில் போய் விழும். அவர் நிமிர்ந்து பார்க்காமல் அதை எடுத்துச் சட்டியில் போடுவார். நடுவில் பேச்சு தேவைப்பட்டால் நான்தான் தபால்காரன். "உங்க பெரியப்பாவைக் கேளு, ராகி மூட்டை என்ன விலைக்குப் போச்சுன்னு." கையெட்டும் தூரத்தில் இருக்கும் பெரியப்பா என்னைப் பார்த்தே பதில் சொல்வார்: "போன வருஷத்தைவிடக் கம்மிதான்னு சொல்லு உங்கப்பன்கிட்ட." நானும் சிரிக்காமல் இந்தப் பக்கம் திரும்பி ஒப்பிப்பேன். சிரித்தால் அவ்வாவிடம் குட்டு விழும்.

பிதுக்கிய தோல் மாட்டுத் தொட்டிக்குப் போகும். பெரியம்மா அம்மியில் வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, தேங்காய், பட்டை, கிராம்பு வைத்து அரைப்பார். அம்மா களி கிண்டுவார். குழம்பு ஒரே சட்டியில் கொதித்துச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பங்காகும். களி உருண்டையைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்கினால் அடுத்த வேளைக்குப் பசிக்காது.

இப்போது பிதுக்கிய பருப்பாகவே ஓசூரில் கிடைக்கிறது. பெங்களூரில் ஜனவரி வந்தால் அவரைக்காய்க்கென்றே மேளா நடத்துகிறார்கள். தோசை முதல் ஜாமூன் வரை எல்லாவற்றிலும் அவரை. அங்கிருக்கும் வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த ஹெப்பாள் அவரை ரகங்கள் பகல் குறுகக் காத்திராமல் வருஷத்தில் எப்போது விதைத்தாலும் காய்க்கின்றன. ஷிப்ட் முடிந்து வருகிற அலுப்பில் நானும் பிதுக்கிய பருப்புதான் வாங்குவேன். பொய் சொல்வானேன், குழம்பு நன்றாகவே இருக்கும்.

அந்தத் திண்ணையைப் பாசத்தின் கதையாகத்தான் நான் பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன். யோசித்தால் அங்கே பாசம் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் கடைசி வரைக்கும் சமாதானமாகவில்லை. ஒரு படி பருப்புக்கு அத்தனை கைகள் தேவைப்பட்டன, அவ்வளவுதான். அந்தத் தேவை இருந்ததால் பெரியப்பாவின் குரலும் கையும் கோபமும் எனக்குத் தெரிந்தன. அவர் பிள்ளைகளோடு நான் வளர்ந்தேன். சண்டை தீர்ந்தால்தான் சேர்ந்து உட்கார முடியும் என்று அவ்வா நினைத்திருந்தால், நாங்கள் சுவருக்கு இரண்டு பக்கமும் அந்நியர்களாகவே வளர்ந்திருப்போம்.

சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்து, ஓசூர் 2019-இல் மாநகராட்சியாகி, சுற்றுப்பட்டில் மனை விலை எகிறியதில் எங்கள் மேட்டு நிலமும் கைமாறியது. விற்ற பணத்தில் எனக்கும் பெரியப்பா மகனுக்கும் மனஸ்தாபம். பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்று கூப்பிட்டேன், வரவில்லை. போன தையில் காயாக ஒரு மூட்டை வாங்கிப்போட்டு, "அண்ணா, காய் நிறைய வாங்கிட்டேன், பிதுக்க ஆள் இல்ல" என்று மட்டும் போன் செய்தேன். அண்ணன் அண்ணியோடும் பிள்ளைகளோடும் வந்தார். மதியம் வரைக்கும் பிதுக்கினோம். நிலத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்கள் பிள்ளைகள் புழுவைக் கண்டு அலறி, பருப்பை ஒருவர் மேல் ஒருவர் தெறிக்கவிட்டார்கள்.

பணக் கணக்கு இன்னும் தீரவில்லை. தீராமலேயும் போகலாம். பேசக் கூப்பிட்டால் வர யோசிக்கிறவர்கள் வேலைக்குக் கூப்பிட்டால் வந்துவிடுகிறார்கள் என்பதுதான் நான் கண்டது. உங்களுக்கும் அப்படிக் கூப்பிட வேண்டியவர் யாராவது இருந்தால், தை முடிவதற்குள் அவரைக்காயைக் காயாகவே வாங்குங்கள். வீட்டில் இருப்பவர்களால் முடிக்க முடியாத அளவுக்கு வாங்குங்கள்.