வேலை போனா இ.எஸ்.ஐ. கார்டும் போச்சா?

2020 அக்டோபர், கோவிட் வார்டு. ஒரு அண்ணனுக்கு சுகர் 430. "மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"ன்னு கேட்டேன்.

"மே மாசம் மில்லுல ஆள் குறைச்சாங்க சார். வேலையே போச்சு, அப்புறம் இ.எஸ்.ஐ. கார்டு மட்டும் செல்லுமா?"

செல்லும்ங்க. கட்டின சந்தாவைப் பொறுத்து, வேலை போன பிறகும் சில மாசம் மருத்துவம் உண்டு. காசும் உண்டு. திட்டத்தோட பேரு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. வாயில நுழையாத பேரு, அதனாலேயே பாதிப் பேருக்குத் தெரியல.

2018ல வந்த திட்டம். முதல்ல சராசரி தினச் சம்பளத்துல 25% தான். கொரோனாவுல வேலை போனவங்களுக்கு அதை 50% ஆக்கினாங்க. அதிகபட்சம் 90 நாள், வாழ்நாள்ல ஒரே தடவை. தினம் 400 ரூபாய் சம்பளம்னா மொத்தம் 18,000. முதலாளி கையெழுத்துக்குக் காத்திருக்காம, நேரா கிளை அலுவலகத்துலயே மனு கொடுக்கலாம்னும் தளர்த்தினாங்க.

அந்த அண்ணன் அதுக்குள்ள வீட்டம்மாவோட தாலிச் செயினை அடகு வச்சிருந்தார். உண்மையைச் சொல்றேன், அன்னிக்கு எனக்கும் இது தெரியாது. டிஸ்சார்ஜ் ஆனப்புறம் தெரிஞ்சுக்கிட்டு, கேஸ் ஷீட்ல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "இது நம்ம காசா சார்?"னு கேட்டார்.

ஆமாண்ணா. மாசாமாசம் உங்க சம்பளத்துல 0.75% பிடிச்சாங்களே, அதுக்கான உரிமை. தானம் இல்ல.

இப்பல்லாம் சுகர் ஏறி வர்றவங்ககிட்ட சாப்பாட்டை மட்டும் கேக்கறதில்ல. "வேலை இருக்கா?"ன்னும் கேக்கறேன். விதிகள் அப்பப்ப மாறும். உங்க வீட்டுல யாருக்காவது வேலை போயிருந்தா, கார்டைத் தூக்கிப் போடாம இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துல ஒரு வார்த்தை கேளுங்க.