அலுமாரிக்குள் ஒரு மீன் கண்

மௌத்தாகிப்போன ஒருவரின் கமரா உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறதா? இருந்தால், இதை வாசித்து முடித்ததும் அதை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள்.

என் வாப்பாவுக்குப் படமெடுப்பதில் பெரும் ஆசை. அவரிடம் ‘மீன் கண்’ லென்ஸ் ஒன்று இருந்தது. அதன் முன்கண்ணாடி உருண்டு வெளியே தள்ளி நிற்கும். கண்டி வாவிக்கரையில் நின்று அதை வானத்துக்கு நேரே பிடித்தால், சுற்றியுள்ள மலைகளெல்லாம் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும். ஒரு பெருநாளன்று எங்கள் முற்றத்தில் எடுத்த படத்தில் ஓரத்தில் நின்ற சாச்சி வில்லாக வளைந்திருப்பார். அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்போம்.

தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வானம் முழுவதும் ஒரு வட்டமாகத் தெரியுமாம். அதை வைத்தே அமெரிக்க விஞ்ஞானி ரொபர்ட் வுட் 1906இல் இந்தப் பெயரைச் சூட்டினார். 1924இல் இங்கிலாந்தின் ரொபின் ஹில், மேகங்களைப் படமெடுப்பதற்காகவே இத்தகைய லென்ஸை அமைத்தார். 1970இல் நிக்கோன் கம்பனி காட்சிக்கு வைத்த 6 மில்லிமீற்றர் லென்ஸ், 220 பாகை பார்க்கும். அதாவது தனக்குப் பின்னால் இருப்பதையும் சற்றே காணும்! எடை 5 கிலோவுக்கும் மேல். மிகச் சிலவே செய்யப்பட்டதால், 2012இல் லண்டன் கடையொன்று அதற்கு ஒரு இலட்சம் பவுண் விலை குறித்தது.

எங்களுடையது அத்தனை அரியதல்ல. ஆனால் உம்மாவுக்கு அதைவிடப் பெரிய பொக்கிஷம் இல்லை. வாப்பா மௌத்தான பிறகு அதைத் தோலுறையில் இட்டு, துணியில் சுற்றி, சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ஏழு வருடம் எவரையும் தொடவிடவில்லை.

தம்பியின் மகள் கேட்டு அழுததால் ஒருநாள் திறந்தோம். கண்ணாடியின் உள்ளே சிலந்தி வலைபோல் இழைகள்! டவுனில் கமரா திருத்துபவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பூஞ்சணம். கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிட்டது. பழைய லென்ஸ் சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்” என்றார்.

“நான் பத்திரமாகத்தானே வைத்தேன், மகள்?” என்று உம்மா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

நம் மலைநாட்டு ஈரத்துக்குத் தோலுறையும் இருட்டும் ஆகாது, சகோதரிகளே. காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியுடன் வையுங்கள். அடிக்கடி வெளியே எடுத்துப் பாவியுங்கள். புழங்காத பொருளில்தான் பூஞ்சணம் குடியேறும்.

இப்போது அது பேத்தியின் கையில். அவள் எடுக்கும் படங்களில் மெல்லிய புகை படர்ந்திருக்கும். “ஹந்தானைப் பனிதானே, இருக்கட்டும்” என்கிறார் உம்மா.