அம்மா தைத்த பெட்டிப் பட்டம்

பள்ளி விடுமுறைக்குத் தானா ராத்தாவில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போகலாம் என்றதும் என் மகன் ஒரு நிபந்தனை போட்டான். அங்கே போய் பட்டம் விட வேண்டும். அதுவும் கடையில் விற்கும் கழுகுப் பட்டம் இல்லை, பெட்டிப் பட்டம். யாழ்ப்பாணத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் அன்று நடக்கும் பட்டப் போட்டியின் காணொளியை எங்கோ பார்த்திருக்கிறான். “வாலே இல்லம்மா, பெட்டி மாதிரி இருக்கு, ஆனா பறக்குது!” என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவனுக்குப் பத்து வயது. எனக்கு வேலை கோலாலம்பூரில், கணக்காய்வு. துணியோ ஊசியோ எனக்குச் சம்பந்தமில்லாத உலகம். ஆனால் அளவு, கணக்கு என்றால் பயமில்லை. செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

பெட்டிப் பட்டத்தை 1893இல் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த லாரன்ஸ் ஹார்கிரேவ். மறு ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், சிட்னிக்குத் தெற்கே ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில் நான்கு பெட்டிப் பட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டி, அதில் தானே தொங்கிக்கொண்டு 16 அடி உயரம் எழும்பினார். காப்புரிமை எதுவும் வாங்கவில்லை; யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். தொலைபேசி புகழ் கிரகாம் பெல் அதை இன்னும் நீட்டிக்கொண்டு போனார். முக்கோண அறைகளைச் சிவப்புப் பட்டுத் துணியால் மூடி, 3,393 அறைகள் கொண்ட ஒரு ராட்சதப் பட்டத்தை 1907 டிசம்பரில் கனடாவில் ஓர் ஆளோடு பறக்கவிட்டார். அத்தனை அறைக்கும் பட்டு வெட்டி, ஓரம் மடித்து, தைத்த கைகள் எத்தனையோ! கதையைப் படித்தபோது எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. பிறகுதான் வந்தது.

என் பட்டத்தின் கணக்கு எளிமையானது. நான்கு நீளக் குச்சிகள், ஒவ்வொன்றும் 105 சென்டிமீட்டர். மேலே ஒரு துணி வளையம், கீழே ஒரு துணி வளையம், நடுவே வெற்றிடம். மூன்றும் 35 சென்டிமீட்டர். வளையத்தின் சுற்றளவு 140. உள்ளே குறுக்குக் குச்சிகள் கொடுத்து விரித்தால் சதுரப் பெட்டி. சாய்ந்த முகங்கள் காற்றைத் தாங்கித் தூக்கும். பட்டம் ஒரு பக்கம் திரும்பப் பார்த்தால் மற்ற முகங்கள் அதை இழுத்து நேராக்கும். வால் தேவைப்படாததற்கு அதுதான் காரணம்.

துணியில்தான் சிக்கல் ஆரம்பித்தது. இரண்டு வளையத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் வேண்டும். கேமரன் மலையில் எங்கு திரும்பினாலும் காய்கறித் தோட்டக் கூடாரங்களின் பிளாஸ்டிக் கிடக்கும், அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். அந்த ரகத்தில் தடித்தது ஒரு சதுர மீட்டர் 180 கிராமுக்கு மேல் வரும். பட்டத்துக்கென்று நெய்த ரிப்ஸ்டாப் துணி 40 கிராம்தான். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி கீழ்நாட்டைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் வீசினாலும் தூக்கும் பலம் அந்த அளவுக்குக் குறையும். அங்கே ஒவ்வொரு கிராமும் கனம்தான்.

அப்பாவின் பழைய வேட்டி ஒன்று இருந்தது. இலேசான துணி, ஆனால் காற்று ஊடுருவிப் போய்விடும். அதைவிட, பருத்தி ஈரத்தைக் குடிக்கும். காலையில் பனி, மத்தியானத்துக்கு மேல் மழை என்று இருக்கும் ஊரில் அந்தப் பட்டம் ஈர வேட்டியாகத்தான் தொங்கும். கிளந்தான் வாவ் பட்டங்களின் வண்ணக் காகித வேலைப்பாட்டை எண்ணிப் பார்த்தேன். அவ்வளவு அழகை எங்கள் மூடுபனியில் நனைய விடுவது பாவம். நைலானா, பாலியெஸ்டரா என்பது கடைசிக் கேள்வி. நைலான் சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 4 விழுக்காடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரமானால் தொய்யும். பாலியெஸ்டர் ஒரு விழுக்காடுகூட இழுக்காது. ஆக, கோலாலம்பூரில் துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கி, ஆரஞ்சு நிறத்தில் பாலியெஸ்டர் ரிப்ஸ்டாப் வாங்கினேன். சிறு சிறு கட்டங்களாகத் தடித்த நூல் ஓடும் துணி. கிழிசல் ஏற்பட்டாலும் அடுத்த கட்டத்தில் நின்றுவிடும்.

கோலாலம்பூர் வீட்டிலேயே, தோழியிடம் மெஷின் இரவல் வாங்கி, இரண்டு இரவு உட்கார்ந்து நானே தைத்தேன். மூங்கில் குச்சியைச் சீவியது மகன். ஒவ்வொன்றையும் நடுவில் விரலில் நிறுத்தி, ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சீவினான். அவன் வேலை ஒழுங்காகத்தான் இருந்தது.

தானா ராத்தாவில் முதல் நாளே, தேயிலைச் சரிவுக்கு மேலே உள்ள மேட்டில் பட்டத்தை ஏற்றினோம். இருபது அடி எழும்பியது. பிறகு இடப்பக்கம் சாய்ந்து, கீழ் வளையம் படபடவென்று அடித்துக்கொண்டு, திருகிக்கொண்டே போய்த் தேயிலைச் செடிகளுக்குள் தலைகுப்புற விழுந்தது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியின் முனை கத்தி மாதிரி இருக்கும். துணியில் இரண்டு ஓட்டை, ஒரு குறுக்குக் குச்சி இரண்டாக. மகன் ஒன்றும் சொல்லவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது செய்திருக்கலாம்.

வீட்டில் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் கூடையைத் தூக்கியவர், முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தார். இரவில் கால்மெஷினில் லயத்துப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட், பாவாடை தைப்பார். என் பள்ளிச் சீருடையும் பரீட்சைப் பணமும் அந்த மெஷினில் வந்தவை. ஆனாலும் அதை ஒரு தொழில்நுட்பம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, ‘அம்மா தைப்பாங்க’, அவ்வளவுதான். இரண்டு வருடமாகக் கண்ணில் புரை. அறுவைக்கு நாள் கொடுத்தும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று ஒருநாள் மெஷினை மூடியவர், அதன்மேல் பூத்தொட்டியை வைத்துவிட்டார்.

“இங்க கொண்டா” என்றார். பட்டத்தைக் கழற்றி இரண்டு வளையத்தையும் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே இல்லை. ஒரு வளையத்தை இன்னொன்றுக்குள் விட்டு, இரண்டையும் இரு கையால் இழுத்துப் பிடித்தார்.

“இது ரெண்டும் ஒண்ணு இல்லடி. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு.”

“இல்லம்மா, ரெண்டையும் ஒரே அளவுலதான் வெட்டினேன். அளந்து வெட்டினேன்.”

“வெட்டும்போது சரிதான். தைக்கும்போது?”

குச்சி போவதற்காக, வளையத்தின் நான்கு மூலையிலும் துணியையே மடித்துப் பிடித்துக் குழாய் மாதிரித் தைத்திருந்தேன். அந்த மடிப்பை விரலால் தடவிக்கொண்டே, “டக்ஸ் பிடிச்சா சுத்தளவு குறையும்னு ஜாக்கெட் தைக்கிற சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்” என்றார்.

கைப்பேசியில் கணக்குப் போட்டேன். முதல் வளையத்தில் ஒவ்வொரு மடிப்பும் ஒன்றரை சென்டிமீட்டர். மடிப்பு என்றால் இரண்டு பக்கம், ஆக மூன்று. நான்கு மூலைக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் துணி மாயமாகிவிட்டது. இரண்டாவது வளையத்தைத் தைத்தபோது இரவு மணி ஒன்று. மடிப்பு மூன்று மில்லிமீட்டர் சின்னதாகப் போயிருக்கிறது. மூன்று மில்லிமீட்டர்தானே? இரண்டு பக்கம், நான்கு மூலை என்று பெருக்கினால் 24 மில்லிமீட்டர். ஒரே நீளக் குறுக்குக் குச்சி ஒரு வளையத்தை மத்தளம் போல் விறைப்பாக்கியது, இன்னொன்றைத் தொளதொளவென்று விட்டுவிட்டது. அம்மா இரண்டு கையை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது இந்த 24 மில்லிமீட்டரைத்தான். நான் மாதம் முழுக்க மற்றவர்கள் கணக்கில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவள்.

மீதித் துணி இருந்தது. பூத்தொட்டியை மகன் இறக்கி வைத்தான். நூல் கோக்கும் வேலை அவனுக்கு, மிதிப்பதும் ஓட்டுவதும் எனக்கு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து துணியைப் பிடித்துக் கொடுப்பது அம்மா.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதை, செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். துணியைப் பாவு நூல் ஓடும் திசையில் நேராக வெட்ட வேண்டும். கிராஸாக வெட்டினால் காற்றில் இழுத்துக்கொண்டே போகும். இழுத்துப் பார்த்தாலே தெரியும், நேர் நூலில் துணி இணங்காது, குறுக்கே இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். (உடைந்த குடைத் துணியில் செய்யலாமே என்று கேட்டேன். குடைத் துண்டு முக்கோணம், இரண்டு ஓரமும் கிராஸில்தான் ஓடும் என்று அம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டார்.) குண்டூசி குத்தக் கூடாது. இந்த ரகத் துணியில் விழுந்த ஓட்டை மூடவே மூடாது. துணி காயப்போடும் கிளிப் போதும். ஊசி மெல்லியதாக, புதியதாக இருக்க வேண்டும். தையல் நெருக்கமாக இருந்தால் பலம் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. நெருங்கிய தையல் தபால்தலை ஓரம் மாதிரி துணியைத் துளைத்து, கிழிவதற்கு வழி போட்டுக் கொடுத்துவிடும். ஒரு தையலுக்கு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி சரி. ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் ஓரம் நடுங்கி நூல் நூலாகப் பிரியும். நூலும் பாலியெஸ்டர்தான், பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். அறுத்த நூல் முனையை ஊதுபத்தியால் தொட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

குச்சிக் குழாய்க்கு அம்மா சொன்ன வழி, உள்பாவாடைக்கு நாடா கோக்கும் பட்டி. நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் தனித் துண்டு வெட்டி, ஓரம் மடித்து, வளையத்தின் மேல் வைத்து இரண்டு பக்கமும் ஒரு தையல். வளையத்தின் துணி ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. பட்டியின் இரு முனையிலும் பின்னுக்கு ஓட்டி முன்னுக்கு ஓட்டி மூன்று தடவை. “இழுவை எல்லாம் இங்கதான் வரும். நாடா முனையில தையல் விட்டா பாவாடையே போச்சு” என்றார். மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வளையத்தை மூட்டுவதற்கு முன், இரண்டு துணியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நான்கு மூலையையும் ஒரே நேரத்தில் சோப்புக்கட்டியால் குறித்தார். டேப் வைத்துத் தனித்தனியாக அளக்கவே இல்லை. இரண்டும் 140 இருக்கிறதா என்பது அவருக்கு முக்கியமில்லை. இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா, அதுதான். சுற்றளவு பெரிதானதால் மகன் குறுக்குக் குச்சிகளைப் புதிதாகச் சீவினான்.

இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பனி விலகியதும் மேட்டுக்குப் போனோம். மின்கம்பி இல்லாத பக்கம், காற்று சரிவில் ஏறி வரும் முகம். சரிவின் மறுபக்கம் நின்றால் காற்று சுழன்று பட்டத்தை அமுக்கிவிடும், அதை முதல் தடவையே அனுபவித்தாயிற்று. அம்மாவும் ஒரு கையில் குடையோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். சூத்திரக் கயிற்றை மூலைக் குச்சியிலேயே இரண்டு இடத்தில் கட்டியிருந்தோம். மகன் முப்பது அடி தள்ளி நின்று பட்டத்தைத் தூக்கிப் பிடித்தான். ஓடவில்லை. பெட்டிப் பட்டத்துக்கு ஓட வேண்டியதில்லை, நல்ல காற்று வரும்வரை பொறுத்து நின்றால் போதும்.

கையை விட்டான். நேராக ஏறியது. ஐம்பது அடி, நூறு அடி. துணியிலிருந்து படபடப்பே இல்லை, ரீங்காரம் மாதிரி ஓர் ஒலி மட்டும். ஆரஞ்சுப் பெட்டி, கீழே பச்சை வரிசைகள், பின்னால் வெள்ளையாக எழும்பி வரும் அடுத்த பனி.

“தெரியுதாம்மா?” என்று கேட்டேன்.

“கலர் தெரியுது” என்றார். பிறகு நூலைக் கேட்டு வாங்கி, விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுவை கூடினால் விட்டுக்கொடுத்தார், தளர்ந்தால் சுருட்டினார். எங்களைவிட நன்றாக விட்டார். கால்மணி நேரத்துக்குமேல் அவர் கையில்தான் இருந்தது. மகன் இரண்டு தடவை கேட்டும் கொடுக்கவில்லை.

பனி வந்து மூடியதும் இறக்கினோம். துணியில் நீர்த்துளி நின்றது, உதறியதும் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா பட்டத்தை மடியில் போட்டு, ஒவ்வொரு பட்டியாக விரல் ஓட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது மூலையில் விரல் நின்றது.

“இங்க ரெண்டு தையல் விட்டிருக்கு. ஐயா, அந்த ஊசியில நூல் கோத்துக் கொண்டா.” பிறகு என்னைப் பார்த்து, “கண்ணு ஆஸ்பத்திரி எந்தத் தேதி சொன்னாங்க?” என்றார்.