வண்டி வராத பாலம்

சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டாரில் மெட்ரோ ஏறுபவர்கள் சியால்டாவைத் தாண்டி ஹவுராவில் இறங்குகிறார்கள். வழியில் ஹூக்ளி நதி. அதன் அடியில் 520 மீட்டர் சுரங்கம். கடக்க முக்கால் நிமிடம். 2025 ஆகஸ்டில் முழுமையடைந்த இந்தத் தடத்தில், கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிர்வதற்குள் நதி முடிந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் இது பெரிய தலைவலி. 1854இல் ரயில் ஓடத் தொடங்கிய ஹவுரா மேற்குக் கரையில். துறைமுகமும் நகரமும் கிழக்கே. ராணிகஞ்ச் நிலக்கரி மேற்குக் கரையோடு நின்றது. பிராட்ஃபோர்ட் லெஸ்லி 1874இல் மிதவைப் பாலம் கட்டினார். வண்டிகளும் பாதசாரிகளும் அதில் போகலாம், ரயில் போக முடியாது. கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதியையே விலக்க வேண்டும்.

கடைசியில் ரயிலுக்கு வழி கிடைத்தது வடக்கே, பண்டேலுக்கும் நைஹாட்டிக்கும் நடுவே. அதையும் கட்டியவர் லெஸ்லிதான். விக்டோரியா ராணியின் பொன்விழாவையொட்டி 1887இல் திறக்கப்பட்டதால் ஜூபிலி பாலம் என்று பெயர். ஆற்றின் நடுவே இரண்டே தூண்கள். அவற்றின் மேல் 360 அடி இரும்புச் சட்டம், காவடி தூக்கியவர் போல இருபுறமும் கை நீட்டி நிற்கும். அந்தக் கைகளிலிருந்து கரைக்கு 420 அடியில் ஒவ்வொரு சட்டம்.

2016 ஏப்ரலில் ரயில்கள் பக்கத்திலேயே கட்டப்பட்ட சம்ப்ரீதி பாலத்துக்கு மாறின. அதன் பிறகு ஹூக்ளி இமாம்பாராவின் மணிக்கூண்டில் ஏறிய பயணிகள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள்: ஒரு பாலத்தில் தடதடவென்று ரயில், அதை ஒட்டிய இன்னொன்றில் துரு. 'ஏன் இது சும்மா நிற்கிறது?' என்ற கேள்வி எழுந்தது இயல்புதான்.

ரயில்வேயின் வேலை ரயில் ஓட்டுவது, அருங்காட்சியகம் நடத்துவதல்ல என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதே உத்தியில் ஸ்காட்லாந்தில் 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலத்தை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அதில் இன்றும் ரயில் ஓடுகிறது. அதைவிட மூன்று வயது மூத்த ஜூபிலி அடுத்த ஆண்டே ஓய்வு பெற்றது.

எடைக்குப் போட்டால் இரும்புக்கு விலை கிடைக்கும். முக்கால் நிமிடத்தில் நதியைக் கடப்பவர்களுக்கு, முதல் முறை கடக்க எவ்வளவு சிரமப்பட வேண்டியிருந்தது என்று காட்ட அப்புறம் எதுவும் மிஞ்சாது.