துருவுக்குக் கணக்கு இல்லை

கடற்கரை ஊர்களில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து, இஞ்சின் சத்தத்தைக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டு விலை பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் கீழே இருக்கிறது. மண்டபத்தூரில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் மெக்கானிக் அல்ல. கோட்டுச்சேரிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு டிங்கர். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் 'பாய்'தான்.

எனக்குக் கார் தேவைப்பட்டதில் புதுமை ஒன்றும் இல்லை. வீட்டில் எட்டு வயது மகள், மூச்சிரைப்பு உள்ள அம்மா, நான். சம்பாதிக்கவும் வண்டி ஓட்டவும் ஒரே ஆள். ஐப்பசி அடைமழையில் ஸ்கூட்டியில் பிள்ளைக்கு ரெயின்கோட்டு மாட்டிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டுவிடலாம். நடுராத்திரியில் அம்மாவைக் காரைக்கால் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாது. சீட்டு எடுத்த பணம், கொஞ்சம் நகைக்கடன், எல்லாம் சேர்த்துக் கையில் ஒன்றரை லட்சம். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டிக்கு வங்கிக்காரர்கள் ஆர்வமாகக் கடன் தருவதில்லை, ஆகவே ரொக்கம்தான்.

புரோக்கர் முதலில் காட்டியது ஒரு சான்ட்ரோ. வெள்ளை பெயின்ட் பளபளவென்று இருந்தது. பட்டறைக்கு ஓட்டி வரச் சொன்னேன். பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, பின்சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் வைத்தார். ஒட்டியது. நாலு விரற்கடை கீழே இறக்கினார். வழுக்கி விழுந்தது. "தங்கச்சி, இங்கேருந்து கீழ தகடே இல்ல. முழுசும் பட்டி" என்றார். விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். மேலே 'டங்'கென்றது, கீழே சுவரைத் தட்டியதுபோல் மொத்தென்றது. காரின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூடக் கிடையாது. அது அரித்துப்போன இடத்தில் வலையை வைத்துப் பட்டியை அப்பி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்துவிட்டால் புதுக்கார் மாதிரிதான் தெரியும். ஒரு மழைக்காலம் தாங்கும்.

பிறகு கதவைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கைப் பிடுங்கினார். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் வட்ட வட்டமாக, ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். அந்த வண்டியில் பாதித் தூரம்தான் வட்டம். மிச்சம் கையால் இழுத்த வெல்டிங். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டியைப் பட்டறையில் ரன்னிங் போர்டு என்கிறார்கள். பக்கவாட்டில் ஒரு லாரி இடித்தால் உள்ளே இருப்பவரைக் காக்கிற எலும்புகளில் அதுவும் ஒன்று. பாய் அதை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். கைப்பிடிவரை உள்ளே போயிற்று.

புரோக்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில் யாரையோ கூப்பிட ஆரம்பித்தார்.

இங்கே வண்டி ஏன் இப்படி அரிக்கிறது என்பதற்குப் பாயிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. ரசாயனப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு தகட்டின் மடிப்புகளில் போய் உட்காருகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் மழையே வேண்டாம், சாயங்காலக் காற்று போதும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவற்றில் மணல் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே கொப்புளம் தெரிகிறபோது உள்ளே பாதி போயிருக்கும்.

உப்பை நாமே உள்ளே கொட்டுவதும் உண்டு. பட்டறையில் அன்று ஓர் இண்டிகா நின்றது. டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழியைக் காட்டினார். டயரை எடுத்ததும் கீழே தரை தெரிந்தது. யாரோ அந்த டிக்கியில் ஐஸ் போட்ட மீன்பெட்டி ஏற்றியிருக்கிறார்கள்; உருகிய உப்புத்தண்ணீர் குழியில் தேங்கி வேலையை முடித்துவிட்டது. நம் பக்கத்துக் காரில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான். செண்ட் வாசம் தூக்கலாக அடித்தால் இன்னும் ஆழமாக மோந்து பார்க்க வேண்டும்.

வெள்ளத்தில் முங்கிய வண்டி வேறு ரகம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்டவை கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்ச் சந்தைக்கு வந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார் என்கிறார் பாய். சீட்டைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவ மாட்டார்கள். சேறு கறையாக அங்கே இருக்கும். பெல்ட்டைத் தரையோடும் தூணோடும் பிடித்திருக்கும் போல்ட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார். அந்த இடம் துருப்பிடித்திருந்தால் பின்சீட்டில் பிள்ளைக்குப் பெல்ட் மாட்டியும் பயனில்லை. பிரேக் அடிக்கிற வேகத்தில் போல்ட்டே பெயர்ந்து வரலாம். 2019 ஜூலைக்குப் பிறகுதான் புதுக்கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் ஆனது. நம் பட்ஜெட்டுக்கு வருகிற பழைய அடிப்படை மாடல்களில் பெரும்பாலும் அது இருக்காது. ஆகவே பெல்ட்தான் மொத்தப் பாதுகாப்பும்.

நாகூரில் ஒரு ஆல்டோ மலிவாக வந்தது. தரை சுத்தம், பாய்க்கும் பிடித்துவிட்டது. ஆனால் டி.என். 51. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், நமக்கு அது ஊர் எல்லைகூட இல்லை, ஆனால் போக்குவரத்துத் துறைக்குக் காரைக்கால் புதுச்சேரி, நாகூர் வேறு மாநிலம். நாகப்பட்டினத்தில் படிவம் 28 போட்டுத் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே மீதி ஆயுளுக்குச் சாலை வரி கட்டி, பி.ஒய். 02 எண் வாங்க வேண்டும். அங்கே ஏற்கெனவே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டுத் தனியாக நடக்க வேண்டும். இதே எல்லைதான் வசதி உள்ளவர்களுக்கு லாபமாகவும் இருந்திருக்கிறது. வரி குறைவு என்று புதுச்சேரி முகவரியில் சொகுசுக் கார் பதிவு செய்ததாக 2017-ல் கேரள சினிமாக்காரர்கள் சிலர்மீது வழக்கே வந்தது. எனக்கு அலைவதற்கு லீவு இல்லை. ஆல்டோவை விட்டுவிட்டேன்.

ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் கார் வாங்கும்போது போட வேண்டிய கணக்கு வேறு என்பது என் எண்ணம். இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் ஒரு மாதம் வண்டி பெரிய செலவு வைத்தால் சமாளித்துக்கொள்வார்கள். எனக்கு மலிவைவிட, செலவு முன்கூட்டியே தெரிவது முக்கியம். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் இவ்வளவு, ஷாக் அப்சார்பர் போயிருந்தால் இவ்வளவு என்று கடையில் கேட்டுவிடலாம். துருவுக்கு அப்படிக் கணக்கே கிடையாது. பிரித்த பிறகுதான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். அப்போது வண்டி பட்டறையில், நான் பஸ் ஸ்டாண்டில்.

அதனால்தான் கடைசியில் இஞ்சின் சுமாராகவும் பாடி நன்றாகவும் இருந்த ஒரு வேகன் ஆரை எடுத்தேன். 2013 மாடல், பி.ஒய். 02, திருநள்ளாறு பக்கத்து வண்டி; கடலைவிட்டுத் தள்ளி, கொட்டகையில் நின்றது. கிளட்ச் வழுக்கியது, முன்பக்கம் கடகடவென்றது. இரண்டுக்கும் கடையில் விலை கேட்டு அதை வண்டி விலையில் கழித்துப் பேசினேன். பதினைந்து வருஷம் 2028-ல் முடியும். அதற்குமேல் ஓட்ட வேண்டுமானால் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது.

காகித விஷயத்தில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 இரண்டையும் கையில் கொடுத்துவிட்டு "பேர் மாத்துறத மெதுவாப் பாத்துக்கலாம்" என்று சொல்லும் ஓபன் டிரான்ஸ்பர் பழக்கம் விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே ஆபத்து. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆர்.சி.யில் எச்.பி. (வங்கிக் கடன் பதிவு) இருந்தால் வங்கியின் படிவம் 35 வராமல் பணம் கொடுக்கக் கூடாது. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்டுவிட வேண்டும். அதில் ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. வாரிசுதாரர் பெயர் கேட்பார்கள். பிள்ளை மைனர் என்றால் பணத்தைப் பெற்றுக்கொள்ள இன்னொரு பெரியவரின் பெயரும் எழுத வேண்டும். வேகமாகப் போகிற ஏஜென்ட் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார். தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்கள் அதை மட்டும் நின்று படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆர்.சி.யிலேயே வாரிசுதாரர் பெயர் சேர்க்கவும் 2021-லிருந்து வழி உண்டு.

வேகன் ஆருக்கும் பட்டறையில் சின்ன வேலை இருந்தது. வலது பின்கதவின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். கழற்றாமல் வெல்டிங் வைத்தால் வண்டியின் கம்ப்யூட்டர் எரிந்துவிடலாமாம். துருவை வெட்டி எறிந்து, 22 கேஜ் தகட்டை அளவாக நறுக்கி, உள்பக்கம் டாலியைக் கொடுத்து வெளியே சுத்தியால் ஒத்தி ஒத்தி வளைவைக் கொண்டுவந்தார் பாய். சமம் பார்க்க இடது உள்ளங்கையைத்தான் ஓட்டுகிறார். வலது கை நாற்பது வருஷம் சுத்தி பிடித்துக் காய்த்துப்போனதில் மேடு பள்ளம் அதற்குத் தெரிவதில்லையாம். வளைவு வந்த பிறகே பட்டி, அதுவும் காகித கனத்துக்கு. "பட்டி பவுடர் மாதிரி, தங்கச்சி. மூக்கு இல்லாதவளுக்குப் பவுடர் போட்டு என்ன பண்றது?" துருமேலேயே கறுப்பாக அண்டர் கோட்டிங் அடித்துத் தருகிற வேலையை அவர் செய்வதில்லை. அது துருவை மூடி வைத்து வளர்க்கிற வேலை என்பது அவர் கட்சி.

பெயின்ட் அடிக்கிற பையன் முகத்தில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை மட்டும். தின்னர் நெடி வாசலிலேயே கண்ணைக் கரித்தது. மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் வியர்வையில் கழற்றி எறிந்துவிடுகிறான் என்றார் பாய்; பையன் சிரித்தான். கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் இன்சூரன்ஸ் கணக்கில் பேனலையே மாற்றிவிடுகிறார்கள். தகட்டைத் தட்டி எடுக்கிற வேலை இந்தப் பட்டறைகளில்தான் மிச்சம் இருக்கிறது. அந்தப் பையனுக்கும் பெயின்ட் பிடிக்கிறது, சுத்தி பிடிக்கவில்லை.

வண்டி பார்க்கக் கூட்டிப்போனதற்குப் பாய் காசு கேட்கவில்லை. இந்தத் தொழிலில் யாரும் கேட்பதில்லை. வாங்குகிறவர்களும் ஒரு டீயோடு முடித்துவிடுகிறோம். ஆனால் புரோக்கர் கொடுப்பார், வியாபாரம் முடிந்தால் கமிஷன். பார்த்துச் சொல்கிறவரின் கூலியை விற்கிற பக்கம் கொடுத்தால் வாய் யாருக்காகப் பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய கார் வாங்கப் போகிறீர்களா? ஒரு டிங்கரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவருடைய அரைநாள் கூலியைப் புறப்படும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.